நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் எங்கிருந்து தொடங்குவது? உடலசைவும் ஆயுளும்

அப்பா நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளாலும் கைப்பிடியை அழுத்தி, உடம்பை முன்னே தள்ளி, பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்து, இரண்டாவது முயற்சியில்தான் நிமிர்கிறார் என்பதை ஒருநாள் தற்செயலாகத்தான் கவனித்தேன். பல மாதங்களாகவே அப்படித்தான் எழுந்திருக்கிறார், வீட்டில் யாருக்கும் கண்ணில் படவில்லை. அன்று இரவு என் போனை எடுத்து அன்றைக்கு எத்தனை அடி நடந்திருக்கிறேன் என்று பார்த்தேன். 2,140. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் எழுந்திருக்கிறேன். இன்னும் இருபத்தைந்து வருடத்தில் நானும் கைப்பிடியை அழுத்தித்தான் எழுவேன் என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு படித்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். ஓடுகிறவர்களுக்கும் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றுமே செய்யாமல் இருப்பவருக்கு, "இனிமேல் தொடங்கி என்ன ஆகப்போகிறது" என்று நினைப்பவருக்குத்தான் இது, ஏனென்றால் அதிக லாபம் அவருக்குத்தான் காத்திருக்கிறது.

முதலில் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

தைவானில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 8 வருடம் தொடர்ந்து கவனித்து, 2011-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தினமும் 15 நிமிடம் மட்டும் மிதமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, ஒன்றுமே செய்யாதவர்களைவிட இறப்பு வாய்ப்பு 14 சதவீதம் குறைவு, எதிர்பார்க்கும் ஆயுள் 3 வருடம் அதிகம். அதற்கு மேல் கூட்டிய ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் கிடைத்தது இன்னொரு 4 சதவீதம். முதல் 15 நிமிடத்துக்கு 14, அடுத்ததற்கு 4. நான் சொல்ல வருவது முழுக்க இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

2015-இல் ஆறரை லட்சம் பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே வளைவுதான் வந்தது. பரிந்துரைத்த அளவைக்கூட, அதாவது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைக்கூட எட்டாமல் கொஞ்சமாவது செய்தவர்களுக்கு இறப்பு வாய்ப்பு 20 சதவீதம் குறைவு, அந்த அளவை எட்டியவர்களுக்கு 31 சதவீதம், அதைப்போல 3 முதல் 5 மடங்கு செய்தவர்களுக்கு 39 சதவீதம். அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. ஏறத் தொடங்கும் இடத்தில் செங்குத்தாக இருந்து, மேலே போகப் போகச் சமதளமாகிற வளைவு இது. நீங்கள் அதன் அடிவாரத்தில் இருக்கிறீர்கள் என்றால் அது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"20 சதவீதம் குறைவு" என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒருநாள் போகத்தான் போகிறோம். இந்த எண் சொல்வது, ஒரே வயதுள்ள இரண்டு கூட்டங்களை ஒரே காலம் கவனித்தால், ஒன்றில் 100 பேர் இறக்கும் நேரத்தில் அதே அளவுள்ள மற்றதில் 80 பேர் இறந்திருப்பார்கள் என்பதை. முப்பது வயதில் அந்த 100 என்பதே சின்ன எண், எழுபதில் பெரிய எண். அதனால் வயது கூடக் கூட இதே சதவீதத்துக்கு மதிப்பு கூடுகிறது.

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள், எண்ணுங்கள்

முதல் வேலை உங்கள் இப்போதைய எண்ணைக் கண்டுபிடிப்பது. போனிலேயே ஸ்டெப் கவுண்ட் இருக்கும். ஆனால் போன் மேஜைமேல் கிடந்தால் அது எண்ணாது, அதனால் ஒரு வாரத்துக்கு எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பாக்கெட்டில் வைத்திருங்கள். அந்த ஏழு நாளும் வழக்கம்போல இருங்கள், எண்ணைப் பார்த்துவிட்டு வீம்புக்கு நடக்காதீர்கள், அப்படி நடந்தால் உங்கள் உண்மையான அளவு தெரியாமலே போய்விடும். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் தொடக்கப் புள்ளி. என்னுடையது 2,600-க்குப் பக்கத்தில் வந்தது. அப்பாவுடையது 1,300.

அப்புறம் அந்த 10,000 அடியை மறந்துவிடுங்கள். 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானி விற்பனைக்கு வந்தபோது அதற்கு வைத்த பெயர் மான்போ-கெய், அதாவது "பத்தாயிரம் அடி மானி". அந்த எண் உலகம் முழுக்கப் பரவியதே அந்தப் பெயரிலிருந்துதான். ஆய்வுகள் பிற்பாடுதான் வந்தன, அவை சொல்லும் எண்ணும் வேறு. சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களைக் கவனித்த 2019 ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500-க்குப் பிறகு அவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்த இன்னொன்றில், அறுபது தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரையிலும், அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரையிலும் அந்தச் சமதளம் வந்துவிடுகிறது. 10,000 நடக்கிறவர் நடக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் 2,000 நடக்கிற ஒருவரிடம் போய் 10,000 என்று சொன்னால் அவர் மூன்றே நாளில் விட்டுவிடுவார், அவருக்குத் தேவைப்பட்டது 4,000-தான் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

ஆயிரம் கூட்டுங்கள், அதற்கு ஒரு நேரம் கொடுங்கள்

உங்கள் சராசரியோடு ஆயிரம் அடி சேருங்கள், இரண்டு வாரம் அதிலேயே நில்லுங்கள். ஆயிரம் அடி என்றால் சாதாரண விறுவிறு நடையில் சுமார் 10 நிமிடம், ஏனென்றால் நிமிடத்துக்கு 100 அடி என்பதுதான் மிதமான வேகத்தின் தோராயமான எல்லை. இரண்டு வாரம் கழித்து அது சிரமமில்லாமல் வந்தால் இன்னொரு ஆயிரம். ஒரு தடவை நின்றுவிட்டால் பரவாயில்லை, அதே இடத்தில் இன்னும் இரண்டு வாரம் இருங்கள்.

"நேரம் கிடைக்கும்போது நடக்கிறேன்" என்று சொன்ன எவருக்கும் நேரம் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே தினமும் தவறாமல் நிகழ்கிற ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் நேராகச் செருப்பை மாட்டுவது, போன் அழைப்பு வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுவது, இப்படி ஏதாவது. எனக்கு உதவியது போன்தான். நாளுக்கு நான்கைந்து அழைப்பு வரும், ஒவ்வொன்றும் ஐந்து பத்து நிமிடம், உட்கார்ந்து பேசுவதில்லை என்று முடிவெடுத்த ஒரே காரணத்தால் ஆயிரத்து ஐந்நூறு அடி தானாகச் சேர்ந்தது.

வேகம் சரியா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தால் அது தீவிரம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமானது, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமானது, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. அதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நுழைவுச்சீட்டாக நினைக்காதீர்கள். 150-ஐத் தொடாத வாரமும் வீணான வாரம் இல்லை, மேலே சொன்ன 20 சதவீதம் அப்படிப்பட்டவர்களுடையதுதான். வார நாட்களில் முடியவே முடியாதென்றால் சனி, ஞாயிறில் மொத்தமாகச் செய்யுங்கள். அப்படி ஓரிரு நாளில் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தெரிந்திருக்கிறது.

படிக்கட்டு

இந்தத் துறையே படிக்கட்டில்தான் தொடங்கியது என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், மாரடைப்பு ஏன் இவ்வளவு கூடுகிறது என்று தேடிய ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடி பஸ்களைப் பார்த்தார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளுக்கு 500 முதல் 750 படி ஏறுவார். ஒரே பஸ், ஒரே வேலை நேரம், ஒரே மாதிரிச் சம்பளக்காரர்கள். ஆனாலும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது, வந்தாலும் மரணத்தில் முடிவது குறைவாக இருந்தது. 1953-இல் இது லான்செட்டில் வெளியானது.

உடனே ஒரு கேள்வி வரும், ஒருவேளை ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? மாரிஸுக்கும் அது தோன்றியது. பஸ் ஊழியர்களுக்குத் தைத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. அதைத் தானே 1956-இல் வெளியிட்டார். ஆனால் அவர் பஸ் ஊழியர்களோடு மட்டும் நிற்கவில்லை, தபால்காரர்களையும் அலுவலக எழுத்தர்களையும் ஒப்பிட்டார், அங்கும் நடக்கிறவர்கள் பக்கமே நின்றது முடிவு. அவர் 2009-இல் இறந்தபோது வயது 99.

சரி, நமக்கு இதில் என்ன? ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் படிக்கட்டை நம்பலாம். பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன 25,000 பேரின் கையில் அசைவுமானியைக் கட்டிப் பார்த்த 2022 ஆய்வில், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, வேகமாக மாடி ஏறுவது போன்ற ஒன்றிரண்டு நிமிட வேக அசைவுகள் நாளுக்கு மூன்று முறை இருந்தவர்களிடம், அப்படி எதுவுமே இல்லாதவர்களைவிட இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டு மாடி இருந்தால் லிஃப்டை விடுங்கள். பத்து மாடி என்றால் எட்டாவதில் இறங்கி மீதியை ஏறுங்கள். முதல் வாரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே மெதுவாக ஏறுங்கள், வேகம் அப்புறம். முட்டிவலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும், அவர்கள் படியில் ஏறி லிஃப்டில் இறங்கலாம்.

உட்கார்ந்தே செய்யும் வேலை என்றால், அதுவும் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால், அந்தக் கெடுதலை முழுக்க ஈடுகட்ட 60 முதல் 75 நிமிடம் மிதமான நடை வேண்டியிருக்கிறது என்று பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று சொல்கிறது. அவ்வளவு முடியாது என்றால் பாதியாவது செய்யுங்கள். அரை மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள்.

நாற்காலியை வைத்தே தசையைத் தேற்றுவது

நடந்தால் மட்டும் போதும் என்று நானும் முதலில் நினைத்தேன். அப்பாவை எழ விடாமல் தடுத்தது இதயம் இல்லை, தொடைதான். 17 நாடுகளில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரின் கைப்பிடி வலிமையை அளந்த ஆய்வில், பிடி 5 கிலோ குறையும் ஒவ்வொரு முறையும் இறப்பு வாய்ப்பு 16 சதவீதம் கூடியது. கை இறுக்கிப் பிடிப்பதால் ஆயுள் கூடுகிறது என்று அர்த்தம் இல்லை, உடம்பு முழுக்க எவ்வளவு தசை மிச்சமிருக்கிறது என்பதைக் கை காட்டிக்கொடுக்கிறது. தசைக்கான பயிற்சிக்குத் தேவைப்படும் நேரமும் ஆச்சரியப்படும்படி கொஞ்சம்தான், வாரத்துக்கு மொத்தம் 30 முதல் 60 நிமிடத்திலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடுகிறது.

நாங்கள் செய்தது இப்படி. சக்கரம் இல்லாத, கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலம் தள்ளி, குதிகால் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால். இந்தக் குதிகால் விஷயம் முக்கியம், பலரும் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்ப்பதால்தான் முடிவதில்லை. மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள், பிறகு பாதத்தால் தரையை அழுத்தி எழுங்கள். இறங்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள், பொத்தென்று விழ வேண்டாம், அந்த மெதுவான இறக்கத்திலும் தசை வேலை செய்கிறது. கை இல்லாமல் முடியவில்லை என்றால் இருக்கையில் கெட்டித் தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். ஐந்து முறை சுலபமாக வரத் தொடங்கினால் தலையணையை எடுத்துவிடுங்கள். பிறகு எட்டு, அப்புறம் பத்து, பத்து வந்தால் கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி.

இதோடு சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலும், எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும் சேர்ந்தால் வீட்டுக்கு அது போதும். மறுநாள் தொடையில் இலேசான வலி இருக்கும், அது சரிதான். மூட்டுக்குள் குத்துகிற வலி என்றால் நிறுத்துங்கள்.

அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குத் தடுமாறாமல் நிற்பதற்கான சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும். பிடிக்க ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி நின்று, ஒரு காலைத் தூக்கி 10 விநாடி நிற்கப் பாருங்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையிலான 1,700 பேரிடம் இதைச் செய்யச் சொல்லி, அடுத்த சுமார் 7 வருடம் கவனித்தார்கள். நிற்க முடியாதவர்களிடம், வயதையும் இருந்த நோய்களையும் கழித்துப் பார்த்த பிறகும், இறப்பு வாய்ப்பு 84 சதவீதம் அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு நிற்க முடியவில்லையே என்று யாரும் பயந்துவிட வேண்டாம். பழகினால் முன்னேறுகிற விஷயம் இது. பல் துலக்கும்போது ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இது உண்மையிலேயே நடையால்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் மேலே உள்ள எண்களை நம்பாதீர்கள். நோயாளி குறைவாக நடப்பார், சீக்கிரம் இறக்கவும் செய்வார், அதைப் பார்த்துவிட்டு "நடக்காததால் இறந்தார்" என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் நல்ல ஆய்வுகளில் முதல் ஓரிரு வருட இறப்புகளை நீக்கிவிட்டும், புகை, எடை, சுகர், பிபி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் பார்க்கிறார்கள். அப்படியும் கொஞ்சம் மிகைப்பட்டிருக்கலாம், அந்த 40 சதவீதத்தில் ஒரு பகுதி நடையுடையது இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் என் கருத்து.

சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகள் குறைவு. நார்வேயில் எழுபது தாண்டிய 1,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 5 வருடம் செய்ததில் உடற்பயிற்சிக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் இடையே இறப்பில் தெளிவான வித்தியாசம் வரவில்லை, ஒப்பீட்டுக்கு வைத்த குழுவினரும் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது அதற்கு ஒரு காரணம். 2025-இல் வெளியான இன்னொன்று எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடிந்த 889 பேர், ஒரு பாதிக்கு 3 வருடம் வழிகாட்டியுடன் உடற்பயிற்சி, மறுபாதிக்கு ஆலோசனைப் புத்தகம் மட்டும். 8 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 90.3 சதவீதம், இரண்டாவதில் 83.2. நூறு பேருக்கு ஏழு பேர். மருந்து ஒன்று இதைச் செய்திருந்தால் எல்லோரும் வரிசையில் நின்றிருப்பார்கள்.

அவசரப்படாதீர்கள், இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை

பல வருடம் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று ஒருநாள் முழு வேகத்தில் ஓடுவதுதான் உண்மையான ஆபத்து. 1993-இல் வந்த ஓர் ஆய்வின்படி, கடுமையான உழைப்பின்போதும் அதை ஒட்டிய ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வாய்ப்பு, வழக்கமாக உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கு 107 மடங்கு எகிறியது. வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்கு அதே உழைப்பில் 2.4 மடங்குதான். குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வருவது அரிது என்பதால் மொத்தத்தில் அது சின்ன எண்தான். இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஆயிரம் அடி என்று நான் ஆமை வேகத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இதய நோய், கட்டுக்கடங்காத பிபி, சுகருக்கு இன்சுலின், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சுகர் உள்ளவர்கள் நடந்துவிட்டு வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள், காயம் பட்டாலும் உணர்வு தெரியாமல் இருக்கலாம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் தேவைக்கு மேல் படுக்காதீர்கள். 1966-இல் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி பரிசோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடல் திறனைக் குறைத்த அளவுக்கு முப்பது வருட முதுமைகூடக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. அதனால் காய்ச்சல் விட்டதும் அறைக்குள்ளேயே நடக்கத் தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள், இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

இனிமேலா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 14,599 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், அசைவே இல்லாதிருந்து ஐந்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபட்சப் பரிந்துரையை எட்டும் அளவுக்கு மாறியவர்களுக்கு இறப்பு வாய்ப்பு 24 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்கெனவே இதய நோயோ புற்றுநோயோ இருந்தவர்களிடமும் இந்தப் பலன் தெரிந்தது. ஐந்து வருடம் என்பதைக் கவனியுங்கள், அவ்வளவு நிதானமாக மாறினாலும் போதும்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி ஏழு நாள் எண்ணிப் பாருங்கள், கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் அப்பாவின் முதல் குறிப்பு 0, தலையணை வைத்து 3. எட்டாவது வாரம் 5. கடந்த வாரம் 9. இப்போது அடிக்கணக்கு 4,200-இல் நிற்கிறது, அடுத்த ஆயிரத்துக்கு மாலையில் என்னோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.